கையில் ஒட்டிக்கொண்ட உளவாளி

அது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. துணி துவைக்கிற கல்லில் நான் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் இடது மேற்கையின் பின்பக்கம், என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டு. அதன் மேல் என் மனைவி ஒட்டிய பிளாஸ்திரி. அதன் மேல் அவள் சுற்றிய கட்டு. கட்டை அவிழ்த்தாயிற்று, பிளாஸ்திரிதான் தோலோடு தோலாகக் கிடந்தது. வெந்நீரில் நனைத்த துண்டை வைத்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள். கடைசியில் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஓர் இழு இழுத்தாள். முடியும் கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தன. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"செத்த நேரம் அசையாம இருங்க."

"நீ இழுக்கிற இழுப்புக்குக் கையே கழண்டு வந்துரும்ட்டி."

"கிளினிக்குல சிஸ்டரே எடுத்துவிடுவாவ. இன்னும் ஒரு மணி நேரத்துல அங்கதான போறோம். அதுக்குள்ள இத கழத்தியாகணும்னு உங்களுக்கு என்ன அவசரம்?"

கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என் மேல் சந்தேகம். எனக்கு அந்த வட்டின் மேல் சந்தேகம். அது டாக்டருக்கு முன்னால் இன்னும் எதையாவது சொல்லிவைக்கும் முன்பே பிடுங்கிப்போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

எனக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் இல்லை. டயர் கடைக்காரர் காற்றுப் பிடித்துக் கொடுத்தால், அவர் கண்ணெதிரிலேயே நானும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பேன். ரயில்வே கேட் திறந்து கிடந்தாலும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்காமல் தாண்ட மாட்டேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பஸ்ஸை ஓட்டுகிறேன். பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு வரும் பெண்களை ஏற்றிவந்து மில்லில் இறக்கிவிட்டு, ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. தலையில் ஒரு நரை இல்லாத காலத்தில் ஏறிய சீட்டு அது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. அதற்குக் காரணம் என் சந்தேக புத்திதான் என்று மார்தட்டிக்கொள்வேன்.

சர்க்கரை எனக்குப் புதிதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று மில்லின் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாம் எதைச் சொன்னாலும் "சரே" என்று சொல்லி முடித்துவிடுவார். சரி என்றுதான் அர்த்தம், ஆனால் அவர் சொல்லும்போது எதற்குச் சரி என்பது மட்டும் தெரியாது.

"டிரைவரே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அங்க போய்ச் சுகர நல்லாப் பாத்துட்டு வாங்க. கையில ஒண்ணு ஒட்டுவாங்களாம். செலவு கம்பெனிது."

"வழக்கமா ரத்தம் எடுத்துத்தான சார் பாப்பாங்க?"

"இது புதுசு. டிரைவர்மாருக்கெல்லாம் நல்லது."

"டிரைவர்மாருன்னா எல்லாருக்குமா சார்?"

"மொதல்ல நீங்க. சரே, போய்ட்டு வாங்க."

வைப்பர் ரப்பர் கிழிந்துவிட்டது என்று சொன்னால், மழைக்காலம் வரட்டும் பார்க்கலாம் என்கிற கம்பெனி. அது என் கையில் விலையுயர்ந்த சாமானை ஒட்டுகிறது என்றால் யாருக்குத்தான் நெருடாது? மில் பஸ்களை எல்லாம் காண்ட்ராக்டுக்கு விடப்போவதாக கேண்டீனில் அப்போதே பேச்சு இருந்தது. வயசானவனைச் சும்மா அனுப்ப முடியாது, ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை என் கையிலேயே ஒட்டி என்னையே சுமக்கச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். "இந்த நம்பரெல்லாம் கம்பெனிக்குப் போகுமா?"

"போகாது. உங்க போன்ல தெரியும், என் கம்ப்யூட்டர்ல தெரியும், அவ்வளவுதான். ரெண்டு வாரம் கழிச்சு நான் ஒரு சர்ட்டிபிகேட் கொடுப்பேன். நீங்க வண்டி ஓட்டலாமா, கூடாதான்னு மட்டும் அதுல இருக்கும்."

போகாது என்பதை நான் நம்பவில்லை. சர்ட்டிபிகேட்டை நம்பினேன். என் டிரைவர் சீட்டு அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில், பால்கோவா கடைகளைக் கடக்கும்போது கையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வாசனையைக்கூட அது எழுதிவைத்துக்கொள்ளுமோ என்று ஒரு பயம்.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தேன். எண் ஏறினால்தானே குற்றம் சொல்வார்கள்? காலையில் மாத்திரையைப் போடுவேன், இட்லியைத் தொட மாட்டேன். மனைவி டப்பாவில் கட்டிக்கொடுப்பதை கேண்டீன் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டுவிடுவேன். போனில் எண்கள் அழகாக இறங்கி நின்றன. கம்பெனியை ஏமாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

வட்டின் ஓரம் ஒரு பக்கம் பெயர ஆரம்பித்தது. வேர்வை ஒரு காரணம், ஸ்டியரிங்கை வளைத்து ஒடிக்கும்போது சட்டை உரசுவது இன்னொரு காரணம். கீழே விழுந்துவிட்டால், வேண்டுமென்றே பிடுங்கிவிட்டான் என்று சொல்வார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன். நான் யாரிடம் புலம்பினேன் என்பதுதான் இங்கே முக்கியம். அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறவள். எங்கள் பக்கத்து வீடுகளில் கழிவு பேண்டேஜ் துணி இல்லாத வீடு கிடையாது. இட்லித் தட்டுக்கு அதுதான் துணி. மோர் வடிகட்ட அதுதான். தக்காளிச் செடி சாய்ந்தால் குச்சியோடு சேர்த்துக் கட்டுவதும் அதை வைத்துத்தான். காயம் படாத பொருளுக்கும் கட்டுப் போட்டு வைத்திருக்கும் ஊர் இது.

"இம்புட்டுதான, இதுக்கா இவ்வளவு புலம்பல்" என்றாள். யூனிட்டிலிருந்து அகலப் பிளாஸ்திரி கொண்டுவந்தாள். அது நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று தோலில் ஏதோ பிசின் மருந்தையும் தடவினாள். வட்டை மூடி பிளாஸ்திரியை ஒட்டி, அதற்கு மேல் கட்டுத் துணியைச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

"மரத்துப் போகும்ட்டி, கொஞ்சம் லூசாக் கட்டு."

"எங்க யூனிட்டுக் கட்டு அவுந்துச்சுன்னு ஒரு ஆஸ்பத்திரியாவது சொன்னதுண்டா? பேசாம இருங்க."

அவள் கட்டிய பிறகுதான் வீட்டில் போன் கத்த ஆரம்பித்தது. விடியப்போகிற நேரத்தில், சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிட்டது என்று அலறும். அவள் பதறி எழுந்து சீனித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வருவாள். எனக்கோ ஒன்றும் இருக்காது. நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, கொட்டாவி மட்டும் வரும். கொடுத்ததைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் விடியலிலும் அதே கதை. அப்போது நான் பழையபடி சாப்பிட ஆரம்பித்திருந்தேன், இருந்தும் அலறல் நின்றபாடில்லை.

அவள் சந்தேகம் வேறு வழியில் போனது. எண் குறைவாகக் காட்டவேண்டும் என்று நான் மாத்திரையைக் கூடுதலாக விழுங்குகிறேனோ என்று நினைத்தாள். நான் குளிக்கப் போன நேரம் மாத்திரை அட்டையை எடுத்துத் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும், தூசி தட்டினேன் என்றாள். மாத்திரை அட்டைக்கு யாராவது தூசி தட்டுவார்களா? அதைக் கேட்கவும் செய்தேன்.

மில்லில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பர்சனல் ஆபீசர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன டிரைவரே, தூக்கம் இல்லையா? கண்ணு செவந்து கெடக்கு."

"அதெல்லாம் இல்ல சார்."

"விடியக்காலம் எந்திரிக்கிறது செரமமா இருக்கா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

"சரே, சரே" என்று போய்விட்டார்.

விடியக்காலம் என்று குறிப்பாக ஏன் கேட்டார்? போன் அலறுவது அவருக்கு எப்படித் தெரியும்? அன்று தண்ணீர்க் குழாயை மூடக்கூட மறந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வட்டு தானாகவே பொய் எண்ணைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அப்போது வரவில்லை.

அதனால்தான் இரண்டு வாரம் முடிந்த அன்று காலையில் துவைகல்லில் அந்தப் பிடுங்கல். ஒரு பாதிப் பிளாஸ்திரி தொங்கிக்கொண்டிருக்க, தோல் எரிய, சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பேண்டேஜ் துணியைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள் அவள். நல்ல துணியை எறிய மனசு வராது அவளுக்கு.

கிளினிக்கில் சிஸ்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, சுவத்துக்குச் சிமெண்டு பூசுன மாதிரி இருக்கு" என்றார். பஞ்சில் எண்ணெயை நனைத்துப் பிளாஸ்திரியின் ஓரம் முழுக்க வைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு எங்களைப் போல மேலே இழுக்கவில்லை. ஒரு விரலால் தோலைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு விரலால் ஓரத்தைப் பாய் சுருட்டுவதுபோல் மெல்ல உருட்டிக்கொண்டே போனார். இடையிடையே பஞ்சை மறுபடி வைத்தார். பிசின் நூல் நூலாக நீண்டு அறுந்தது. கடைசியில் பிளாஸ்திரியும் வட்டும் ஒன்றாகச் சேர்ந்து 'பொத்'தென்று அவர் உள்ளங்கையில் விழுந்தன.

"ஊசி உள்ளயே நின்னுருச்சா, பாருங்க."

"ஊசி ஒட்டுன அன்னைக்கே வெளிய வந்துருச்சுய்யா. உள்ள இருந்தது இந்த இழை மட்டுந்தான்."

வட்டின் அடியில் முடியைப்போல ஓர் இழை வளைந்து நின்றது. அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். முனை முறிந்திருக்கிறதா என்று கேட்டேன். முறியவில்லை என்றார். இந்தச் சின்ன நூலா என்னை இத்தனை பாடு படுத்தியது என்று ஆத்திரம் வந்தது.

சிஸ்டர் என் கையை விடவில்லை. பஞ்சால் துடைத்துக்கொண்டே உற்றுப் பார்த்தார். மேற்கையைச் சுற்றி வளையம்போல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பேண்டேஜ் துணியின் நெசவுகூட அதில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"இம்புட்டு இறுக்கி யாரு கட்டுனது?"

"நாந்தான்" என்றாள் மனைவி. குரலில் பெருமைதான் இருந்தது.

சிஸ்டர் உள்ளே போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். டாக்டரம்மா அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எந்தக் கிழமை கட்டினீர்கள் என்று மனைவியிடம் கேட்டார். இந்தக் கையை அடியில் போட்டுத்தான் படுப்பீர்களா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கோடுகளைப் பார்த்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"சென்சார மேல இருந்து அழுத்துனா, அந்த இடத்துல மட்டும் கம்மியாக் காட்டும். கட்டும் இறுக்கம், அதுக்கு மேல நீங்களும் அமுக்கிப் படுத்திருக்கீங்க. விடிகாலைல வந்த அலாரம் எல்லாம் அதனாலதான். உண்மையில இறங்கியிருக்காது."

எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. "பாத்தீங்களா டாக்டரம்மா, நான் அப்பமே சொன்னேன், மெஷின் பொய் சொல்லுதுன்னு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கட்டுன கட்டுதானா?" என்றாள். "அது தெரியாம நானே விடிய விடிய சீனித் தண்ணியக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேனே." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான செஞ்ச, விடு" என்றேன். வெற்றிபெற்றவனுக்குத் தாராளம் வரும். எனக்கும் வந்தது.

டாக்டரம்மா சர்ட்டிபிகேட் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதத் தொடங்குமுன் மறுபடியும் ஒருமுறை திரையைப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது கட்டு கட்டுறதுக்கு முந்தி. மத்தியானம் ரெண்டே முக்கால் இருக்கும். நல்லா இறங்கியிருக்கு. இந்த நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? அந்தக் கையை அமுக்கிப் படுத்திருந்தீங்களா?"

பதிலை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். பேனா எழுதியிருக்கும், சீட்டு எனக்கே இருந்திருக்கும். பகலில் நான் படுப்பதில்லை என்பதும், மத்தியான நேரம் நான் எங்கே இருப்பேன் என்பதும் அந்த அறையில் என் மனைவிக்கு மட்டுந்தான் தெரியும். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று அவள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் திறக்கவில்லை. தலையைக் குனிந்து, பையிலிருந்த துணிச் சுருளைப் பிரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். மீதியையும் சொன்னேன். முதல் ஷிப்டு முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். காலையில் மாத்திரை போட்டதோடு சரி, பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. சட்டை முழுக்க நனைந்தது. வெயில் என்று நினைத்தேன். காலடியில் இருந்த பையில் போன் கத்தியது. உளவு பார்க்கிறது, கத்தட்டும் என்று பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அதற்குப் பிறகு என் தோளில் ஒரு கை பட்டது. முன் சீட்டில் இருந்த பெண். "அண்ணாச்சி, எங்க ஸ்டாப்பு பின்னாடியே போயிருச்சே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் நீட்டிய கடலைமிட்டாயைத் தின்றேன், செத்த நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வண்டியை ரிவர்ஸ் எடுத்து அவர்களை இறக்கிவிட்டேன். வீட்டில் இதைப் பேசவில்லை.

"மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இறங்கத்தான் செய்யும்" என்றார் டாக்டரம்மா. "ஏன் சாப்பிடல?"

"நம்பர் நல்லா வரணும்னு" என்றேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

மாத்திரையை மாற்றி எழுதினார். வலது கையில் இன்னொரு வட்டை ஒட்டினார். இதற்குக் கட்டுப் போடக்கூடாது என்று மனைவியிடம் சொன்னார். அவர் மறுபடி சொல்லும்வரை நான் வண்டியைத் தொடக்கூடாது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பர்சனல் ஆபீசருக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன். "சரே, நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கிடுதோம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தோம். எனக்கு ரோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. டிரைவரின் கழுத்தையும் கையையுமே பார்த்துக்கொண்டு வந்தேன். காலையில் சாப்பிட்டிருப்பாரா என்று தோன்றியது. ஊர் நெருங்கும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு எந்த ஸ்டாப்ப விட்டீங்க?"

"கண்மாய் தாண்டி, மொத ஸ்டாப்பு."

"கண்மாய்க் கரை மேலதான ரோடு? ஒரு பஸ்ஸு போற அகலந்தான் இருக்கும்."

"ஆமா."

"ரெண்டு பக்கமும் தடுப்புகூடக் கெடையாதே. எதுத்தாப்ல வண்டி எதுவும் வந்துச்சா?"

அவள் கேட்ட பிறகுதான் அந்தக் கரையைத் தேடினேன். கரை ஆரம்பிக்கும் இடத்திலுள்ள புளியமரம் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு தோளில் பட்ட கை ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீரும் இல்லை, ரோடும் இல்லை, ஒன்றுமே இல்லை. வண்டி நிறைய பெண்கள் இருந்தார்கள். அன்று அந்தக் கரை முழுக்க அந்த பஸ்ஸை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது.